பம்பா தேவிக்கு மதுரைச் சுங்குடி

என் மகளுக்கு நல்ல இடத்தில் வரன் தகைந்தால் கர்நாடகத்து ஹம்பிக்கு வந்து பம்பா தேவிக்குப் புடவை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் குடியிருந்த பல்லாரிக்கார அம்மா சொல்லித்தான் அந்த வேண்டுதல். "சிவனையே புருஷனாக அடைய வேண்டும் என்று தவம் கிடந்து ஜெயித்தவள். அவளிடம் கேட்டுப் பாருங்கள்" என்றார். கேட்டேன். தை பிறந்ததும் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமான மனிதர்கள். நேர்ந்ததைத் தள்ளிப் போடக் கூடாது என்று, மீனாட்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாசியிலேயே நானும் அவரும் கிளம்பிவிட்டோம்.

அம்மனுக்குப் பட்டுதான் சாத்த வேண்டும் என்றார் அவர். எனக்கு மதுரைச் சுங்குடிதான் மனசில் நின்றது. எங்களுக்குத் தெரிந்த சௌராஷ்டிரக் குடும்பத்தில் சொல்லி, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அரக்குச் சிவப்புப் புடவை ஒன்று வாங்கினேன். முடிச்சு இருந்த இடமெல்லாம் துணி இன்னும் சின்னச் சின்னதாகக் குமிழ்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர், "எங்கள் முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து தேவகிரி வந்து, அப்புறம் விஜயநகரத்தில், இப்போதைய ஹம்பியில், தறி போட்டு, நாயக்கர் காலத்தில்தான் மதுரைக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் துணி அந்த ஊருக்கே போகிறதே" என்று புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

பெங்களூரில் ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்து விடியற்காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை வேறு. பம்பா தேவி இருக்கும் விரூபாட்சர் கோயில் கோபுரத்துக்கு முன்னால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வந்து, "சீக்கிர தரிசனம், சாமி பக்கத்தில் கூட்டிப்போகிறேன்" என்று காசு பேச ஆரம்பித்தார். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் நகரவில்லை. வேண்டுதலோடு வருகிறவர்களின் மனசை வைத்துப் பிழைக்கிற இந்த ஆட்களை எந்த ஊர்க் கோயிலும் ஒழிக்க மாட்டேன் என்கிறது. வெயிலில் நின்று நின்று, உள்ளே மூன்று தலை நந்தி வரை வந்தாயிற்று. அப்போது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். இனி மாலைதான். புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

"வா, அதுவரைக்கும் விட்டலர் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார் அவர். பாறைகளெல்லாம் அனல் கக்குகிற நேரம். முட்டி வலியோடு அவரும், மார்போடு அணைத்த பையோடு நானும் போனோம். கீழே வைக்க மனம் வரவில்லை.

ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிறதே, அந்தக் கல்தேர் நிற்பது அங்கேதான். எல்லோரும் தேரோடு படம் எடுத்துக்கொள்ள, நான் மகாமண்டபத்தின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளக் கல்லில், செதுக்கியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையாகக் குதிரைகள், கடிவாளத்தைப் பிடித்தபடி வேற்று நாட்டு வியாபாரிகள். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஹோர்முஸ் வழியாகக் கப்பலேறி, கோவாவிலும் பட்கலிலும் இறங்கிய குதிரைகள். தக்காணத்தில் நல்ல போர்க்குதிரை வளராது. குதிரை யார் கையில் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். அதனால் வரும் வழியில் கடலிலேயே குதிரை செத்துப்போனாலும், வாலைக் கொண்டுவந்து காட்டினால் உயிருள்ள குதிரைக்குள்ள விலையை விஜயநகர அரசர் ஒருவர் கொடுத்தாராம். நூனிஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதி வைத்திருக்கிறார். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 வாக்கில் வந்த பாயஸ் என்பவர் இந்த ஊர்க் கடைவீதிகளில் மாணிக்கமும் வைரமும் மரகதமும் முத்தும் துணிமணியும் விற்றதைக் கண்டு மலைத்துப் போயிருக்கிறார். ஊரே ரோமாபுரி அளவுக்குப் பெரிது என்கிறார். அந்தக் கடைவீதிகளின் கல்தூண்கள் இன்றைக்கும் வரிசை கலையாமல் நிற்கின்றன. விற்க ஆளுமில்லை, வாங்க ஆளுமில்லை.

கர்ப்பக்கிருகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டு. விட்டலர் இல்லை. விளக்கில்லை, பூவில்லை. இவ்வளவு பெரிய கோயிலில் கை கூப்பினால் எதிரே யாருமே இல்லை. எனக்கு உடம்பு நடுங்கியது.

இந்த ஊர் பாழாகக் காரணமான போர் 1565 ஜனவரியில் நடந்தது. தலைக்கோட்டைப் போர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தக்காணத்துச் சுல்தான்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டே, அப்போது விஜயநகரத்தை நடத்திய ராமராயர் வெகுகாலம் கெட்டிக்காரத்தனமாக ஆண்டார். கடைசியில் அந்தச் சுல்தான்கள் ஒன்று சேர்ந்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள்? கல்யாண சம்பந்தம் பேசித்தான். அகமதுநகர் நிஜாம் ஷாவின் மகள் சாந்த் பீபியை பீஜப்பூர் அடில் ஷாவுக்குக் கொடுத்தார்கள். அடில் ஷாவின் சகோதரியை நிஜாம் ஷாவின் மகனுக்கு எடுத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு நன்றி சொல்ல வந்த எனக்கு இது நினைவுக்கு வந்ததும் மனசு என்னவோ செய்தது. முதியவரான ராமராயர் போர்க்களத்தில் பிடிபட்டுத் தலை வெட்டுண்டார். அவர் தம்பி திருமலர் கிடைத்த பொக்கிஷத்தை யானைகள் மேல் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். காவலற்ற நகரத்தை மாதக்கணக்கில் கொள்ளையடித்தார்கள். அரசு உடனே அழிந்துவிடவில்லை. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று ஒதுங்கி ஒதுங்கித் தேய்ந்தது. 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் விட்டது அந்த அரசின் கீழிருந்த நாயக்கர்கள்தான்.

மாலையில் திரும்பி வந்தபோது வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. உள்ளே நாதஸ்வரம் கேட்டது. கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்தபோது, 1510-ல், கட்டிய ரங்கமண்டபத்தைக் கடந்து சந்நிதிக்கு வந்தோம். விரூபாட்சர் லிங்கத் திருமேனியாக, வில்வமும் மாலையுமாக இருக்கிறார். தீபாராதனை. அந்த வெளிச்சத்தில் அவரைப் பார்த்த நொடியில், பகலில் அந்த இருட்டுக் கர்ப்பக்கிருகத்தில் நின்ற பயம் எங்கோ போய்விட்டது. விஜயநகரத்து ராஜாக்கள் சாசனங்களில் தங்கள் பெயரைக் கையெழுத்திட மாட்டார்கள், "ஸ்ரீ விரூபாட்ச" என்றுதான் போடுவார்கள். ராஜ்ஜியம் இவருடையது, நாம் காரியஸ்தர்கள் என்ற எண்ணம். அந்தக் காரியஸ்தர்கள் எல்லாம் போய்விட்டார்கள். குதிரை வந்த வழி புல் முளைத்துக் கிடக்கிறது. இவருக்கு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் பூஜை நிற்கவில்லை. சுற்றிலும் ஊரே இடிந்து கிடந்த காலத்திலும் யாரோ ஒரு அர்ச்சகர் துங்கபத்திரையில் தண்ணீர் மொண்டு வந்து இவருக்கு ஊற்றியிருக்கிறார். அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவரை நினைத்து ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் பம்பா தேவி சந்நிதி. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "எல்லிந்த பந்த்ரி?" என்றார். மதுரை என்றேன். "மதுரையா! மீனாட்சி அம்மன் ஊர்!" என்று முகம் மலர்ந்து, மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் கேட்டுச் சங்கல்பம் செய்தார். புடவையைப் பிரித்து, அம்பாளின் தோளைச் சுற்றிச் சாத்தினார். அரக்குச் சிவப்பில் அந்தச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் கற்பூர ஒளியில் எழும்பித் தெரிந்தன. தாயே, எவ்வளவு அழகு. கேட்டதைக் கொடுத்தாய், கொடுத்ததற்கு நான் கொண்டுவந்ததையும் உடுத்திக்கொண்டாய். என்ன சொல்லிக் கும்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

மதுரைக்காரிக்கு இந்த ஊரில் நன்றி சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் மீனாட்சி கோயில் பூட்டிக் கிடந்தது. 1371 வாக்கில் விஜயநகர அரசர் புக்கராயரின் மகன் குமார கம்பணர் படையோடு வந்துதான் கோயிலைத் திறந்தார். கர்ப்பக்கிருகத்தைத் திறந்தபோது ஏற்றி வைத்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சாத்திய மாலை வாடவில்லை, சந்தனம் ஈரமாக இருந்தது என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கம்பணரின் வம்சம் கும்பிட்ட சாமி இவர். ஐயா விரூபாட்சரே, உங்கள் பிள்ளைகளை அனுப்பி எங்கள் அம்மா வீட்டுக் கதவைத் திறந்துவிட்டீர்களே, அதற்கு மதுரையில் பிறந்த நாங்கள் எத்தனை ஜென்மம் கும்பிட்டாலும் தகும் என்று சொல்லி, பிராகாரத்தில் விழுந்து வணங்கினேன். அவரும் முட்டி வலியோடு விழுந்து எழுந்தார்.

இங்கே டிசம்பரில் விரூபாட்சருக்கும் பம்பா தேவிக்கும் நிச்சயதார்த்தம் நடத்துகிறார்களாம். மகளும் மாப்பிள்ளையும் அதற்குப் போய் நிற்க வேண்டும் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். போனில் சொன்னதும் மாப்பிள்ளை, "சரி அத்தை, லீவு போட்டுவிடுகிறேன்" என்றார்.