அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஆதாரம் தேடிய கதை: கிரீன் கார்டு மனு போடுகிறவர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு மனு போடும்போது முட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெற்றோரின் திருமணச் சான்றிதழ். எழுபதுகளில் ஊரில் நடந்த கல்யாணத்தை யார் போய் ரிஜிஸ்டர் செய்தார்கள்? எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். 1977 ஆவணியில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். மனு முடிந்து இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் போடும் ஐ-130 மனுவுக்கு (உறவினரை வரவழைக்கப் போடும் முதல் மனு) திருமணச் சான்று தேவையில்லை. உங்கள் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் சரியாக இருந்தால் போதும். அப்பாவுக்குப் போடும்போதுதான் அதோடு பெற்றோர் திருமணத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். இருவருக்கும் தனித்தனி மனு, ஒரே மனுவில் இருவரையும் சேர்க்க முடியாது. ஆனால் அம்மா விஷயத்தில் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். மனு ஒப்புதலாகி என்விசி (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கட்டத்துக்குப் போனதும், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தோடு அவருக்கும் திருமணச் சான்று கேட்பார்கள். ஆகவே வேலையை ஒரே தடவையாக முடித்து வைப்பது நல்லது.

பதியாத கல்யாணம் என்றால் செல்லாத கல்யாணம் என்று பயப்பட வேண்டாம். கல்யாணம் நடந்த இடத்துச் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் அமெரிக்கக் குடிவரவுத் துறை பார்க்கிறது. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவர் வீட்டு வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் கல்யாணம் கல்யாணம்தான். பதியாமல் விட்டதால் அது செல்லாமல் போகாது என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அதன் பிறகு நடந்த கல்யாணங்களுக்கு. உங்கள் அப்பா அம்மா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

இங்கேதான் சிலர் தவறான வழி காட்டுவார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒருவர் எங்களிடமே சொன்னார்: "ஒரு கோயில்ல மாலை மாத்திட்டு ரசீது வாங்கிட்டு வாங்க சார், போன வாரம் கல்யாணம் ஆன மாதிரி பதிஞ்சிடலாம், வேலை சுலபம்." அறுபதைத் தாண்டிய தம்பதிக்குப் போன வாரம் கல்யாணம்! அந்தச் சான்றை வைத்து மனு போட்டால், நீங்கள் பெற்றோர் கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்னால் பிறந்த பிள்ளை. அப்பா மனு அங்கேயே சிக்கும். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பழைய விசா விண்ணப்பம் எல்லாம் வேறு கதை சொல்லும். அதைவிட மோசம், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும். சுலபமான வழி என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நேர்வழி இதுதான்: நடந்த கல்யாணத்தை, நடந்த தேதியோடு, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் இப்போது பதிவது. 2009 சட்டத்தின் கீழ் 90 நாள், அபராதத்தோடு இன்னும் 60 நாள் என்று கெடு உண்டு. பழைய கல்யாணத்தை அதில் கொண்டுபோய்ப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பத்தில் 1955 சட்டம் என்பதைத் தேர்வு செய்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். கையில் வரும் சான்றிதழில் இரண்டு தேதி இருக்கும், கல்யாணத் தேதி ஒன்று, பதிவுத் தேதி ஒன்று. ஐ-130இல் எழுத வேண்டியது கல்யாணத் தேதியை. பதிவுத் தேதியை எழுதினால் கோயில் மாலை ஆலோசனை கேட்டவர்கள் நிலைமைதான் உங்களுக்கும்.

கல்யாணத்தின்போது அம்மாவுக்கு 17 வயது. அலுவலகத்தில் இதை ஒருவர் கிளப்பினார். பெண்ணின் திருமண வயது 18 ஆனது 1978ஆம் வருஷத் திருத்தத்தில்தான், அதற்கு முன் 15. இதைத் தெரிந்து வைத்திருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை.

சான்றிதழ் வந்துவிட்டதே என்று நிறுத்திக்கொள்ள வேண்டாம். நாற்பது வருஷம் கழித்துப் பதிந்த சான்றை மட்டும் வைத்தால், கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ கடிதம் வர வாய்ப்பு அதிகம். இருவரில் ஒருவர் காலமாகியிருந்தால் பதிவதற்கே வழியில்லை. அப்போது பதிவேட்டில் இப்படி ஒரு திருமணம் இல்லை என்று அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, மற்ற ஆதாரங்களைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டும். எப்படியானாலும் பழைய காகிதங்களைத் தேடித்தான் ஆக வேண்டும். விசா பற்றி வீட்டில் யாரும் நினைத்தே பார்க்காத காலத்தில் உண்டான காகிதத்துக்குத்தான் மதிப்பு. போன வருஷம் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் இருப்பது பெரிய ஆதாரம் இல்லை. 1984இல் அம்மா பெயரில் வாங்கிய நிலப் பத்திரத்தில் "இன்னாரின் மனைவி" என்று இருப்பது ஆதாரம். பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் பணிப்பதிவேட்டில் 1979இலேயே அம்மா வாரிசுதாரராகப் பதிவாகியிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலை வாங்கினோம். பழைய எல்ஐசி பாலிசி, பழைய ரேஷன் கார்டு எல்லாம் இதே வகைதான்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த ஆதாரம் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்தது: மொய் நோட்டு. பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, "பிங்கள வருஷம் ஆவணி மாதம்" என்று தொடங்கி மாப்பிள்ளை, பெண் பெயரும் இங்கிலீஷ் தேதியும் எழுதியிருந்தது. உள்ளே ஊர்வாரியாக ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும், ஓரிடத்தில் "பித்தளைக் குடம் 1". முதல் பக்கத்தையும் நடுவில் சில பக்கங்களையும் மொழிபெயர்த்து இணைத்தோம். தமிழ் வருஷப் பெயரை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடாமல், அது 1977-78 என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மனுதாரரான நீங்களே மொழிபெயர்க்காமல் வேறு ஆளிடம் கொடுப்பது உத்தமம்.

அடுத்தது பிரமாணப் பத்திரம், அஃபிடவிட். மனுவில் சம்பந்தப்படாத, கல்யாணத்தை நேரில் அறிந்த இரண்டு பேராவது கொடுக்க வேண்டும். வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் மாதிரி எதற்கும் உதவாது: "மேற்படி இருவரையும் எனக்கு நன்கு தெரியும், அவர்கள் சட்டப்படி தம்பதியர்." எப்படித் தெரியும், எங்கே இருந்து பார்த்தார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எங்கள் அத்தைக்கும் முதலில் அதைத்தான் நீட்டினார்கள். அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாத்தி முடிச்சு போட்டதே நான்தானே, அதை எழுதலையா?" என்றார். அப்புறம் அவர் சொன்னபடியே எழுதினோம்: மாப்பிள்ளையின் தங்கை, அப்போது வயது 19, மணமகளின் பின்னால் நின்றது, அண்ணன் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சும் தான் போட்டது, பந்தல் எந்த வீட்டு வாசலில், ஓதியவர் எந்த ஊர்க் குருக்கள் என்று எல்லாம். கொடுப்பவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, ஊர், தம்பதியருக்கு என்ன உறவு என்பதும் இருக்க வேண்டும். உங்களைவிட வயது குறைந்தவர்களிடம் வாங்காதீர்கள், பிறக்கும் முன் நடந்த கல்யாணத்தை அவர்கள் பார்த்திருக்க முடியாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இப்படிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பெயர் விவகாரம் தனித் தலைவலி. பத்திரிகையில் "செளபாக்கியவதி ராஜி", பிறப்புச் சான்றில் ராஜேஸ்வரி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் போட்டு, எந்தப் பெயர் எந்தக் காகிதத்தில் வருகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் இங்கிலீஷ் சுருக்கம்) என்று வரும். பதற வேண்டாம்.

மும்பை நேர்காணலுக்கு அசல் எல்லாம் கையில் இருக்க வேண்டும், மொய் நோட்டு உட்பட. கிளம்பும் முன் படிவத்தில் உள்ள கல்யாணத் தேதியை இருவருக்கும் இங்கிலீஷ் மாதத்தில் சொல்லிக் கொடுங்கள். அம்மாவுக்கு ஆவணி என்றுதான் வாயில் வந்தது, செப்டம்பர் வரவேயில்லை.

ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் கவலை வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டுக்காக இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு அதைச் செல்லுபடியாக்குகிறது, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்து. மாலை மாற்றியதையோ மோதிரம் போட்டதையோ தாலி கட்டியதையோ பார்த்தவர்கள் அஃபிடவிட்டில் அதைச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்கள் கல்யாணம் நடந்த தேவாலயப் பதிவேட்டிலும், முஸ்லிம்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டிலும் முதலில் தேடுங்கள். அங்கே அன்றைய தேதியில், அன்றைய கையெழுத்தோடு ஒரு வரி கிடைத்துவிட்டால் மேலே சொன்ன அலைச்சலில் பாதி குறையும்.