ஸ்கேனில் இருப்பதும் இடுப்பில் இருப்பதும்

இடுப்பு வலிக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர், வலி எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது என்று சொல்வதற்கு முன்பே, எம்.ஆர்.ஐ. படம் வைத்த பெரிய உறையை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்4, எல்5 ஜவ்வு விலகிவிட்டதாம்" என்கிறார்கள். அந்த அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் குனிவதில்லை, குடம் தூக்குவதில்லை, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வதில்லை, பெல்ட் கட்டாமல் வாசற்படி தாண்டுவதுமில்லை. இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, வலியைக் குறைப்பதைவிட இந்த அச்சத்தைப் போக்குவதே பெரும்பாடாக இருக்கிறது.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. அறிக்கையில் எல்1 முதல் எல்5 வரை என்று எண்ணிட்டுக் குறிப்பது இவற்றைத்தான். அவற்றுக்கு இடையிலுள்ள ஜவ்வு, நடுவில் நீர்ச்சத்து மிகுந்த கூழையும் அதைச் சுற்றிப் பல அடுக்கு நார் வளையத்தையும் கொண்டது. வயது ஏற ஏற நீர்ச்சத்து வற்றி ஜவ்வின் உயரம் குறைகிறது, ஓரம் சற்றுப் பிதுங்குகிறது. தலை நரைப்பதைப் போல இதுவும் வயதின் இயல்புதான். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஜவ்வுப் பிதுக்கம் முறையே 30 விழுக்காடும் 84 விழுக்காடுமாக இருந்தது. ஆகவே அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்', அதாவது ஜவ்வுப் பிதுக்கம், என்று அச்சாகியிருப்பதை மட்டும் வைத்து உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. இடுப்பு வலிக்காரர்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட இயலாது என்பதே உண்மை.

ஜவ்வு பிதுங்கி உண்மையிலேயே நரம்பை அழுத்தினால், இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகமாக இருக்கும். பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும். அப்போதும் கலங்க வேண்டியதில்லை. வெளியே வந்த ஜவ்வுத் துண்டை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சையின்றியே சில மாதங்களில் தேறுகிறார்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்து பாதம் தொங்கிப்போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் காணப்படுவதால், மாலைக் காய்ச்சலும் ஓய்விலும் தணியாத முதுகு வலியும் சேர்ந்திருந்தால் நான் உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

மற்றவர்களுக்கு, இடுப்பு பிடித்துக்கொண்ட முதல் ஓரிரு நாள் வெந்நீர் ஒத்தடமும் வலி பொறுக்கும் அளவுக்கு நடமாட்டமும் போதும். படுத்தே கிடந்தால் முதுகெலும்பைத் தாங்கும் தசைகள் மெலிந்து, எழுந்திருப்பது இன்னும் கடினமாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்குகிறவர்கள், அவை இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பெல்ட்டையும் டிராக்‌ஷன் என்னும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எங்கள் துறையினர் பலர் இன்னும் இவற்றையே நம்பியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

உடற்பயிற்சி என்றதும் பலரும் கடினமான ஆசனங்களை நினைத்துக்கொள்கிறார்கள். தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா, நாற்காலியிலிருந்து எழும்போது மேசையை இரு கைகளாலும் இறுகப் பற்றி, மூச்சைப் பிடித்து, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டே எழுவார். அந்த விறைப்பே அவருடைய தசைகளைக் களைப்படையச் செய்து வலியைக் கூட்டியது. பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, மார்பை முன்னே சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து பழகியதுதான் அவருடைய முதல் பயிற்சி. அது கைவந்த பிறகு கால் வாளித் தண்ணீரைத் தூக்கினார், பிறகு அரை வாளி. வாளியை உடலோடு ஒட்டிப் பிடிக்கவும், திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தவும் பழகிக்கொண்டார். தையல் இயந்திரத்தின் முன் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து துணியை மடித்து வைக்கும்படி வேலையையும் மாற்றிக்கொண்டார். முன்பு தரையிலிருந்து எடுக்க அஞ்சிய துணி மூட்டையை இப்போது அவரே தூக்குகிறார்.

வலி தீர்ந்தவர்களுக்கு அது மறுபடியும் வருவதுதான் பெரிய தொல்லை. ஆஸ்திரேலியாவில் அண்மையில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியும் வழிகாட்டலும் பெற்றவர்களுக்கு, அன்றாடச் செயல்களைக் கெடுக்கும் வலி திரும்புவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்ப ஆன காலம், 208 நாளாக இருந்தது. பெறாதவர்களுக்கு அது 112 நாள்தான். நடைப்பயிற்சி பெற்றவர்களுக்கு வைத்த இலக்கு, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேர நடை. செலவில்லாத இந்த மருத்துவத்தை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் அரைமணி நடக்க வேண்டாம். பத்து நிமிடம் நடந்து பாருங்கள். மறுநாள் காலை வலி முந்தைய அளவிலேயே இருந்தால் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கூடியிருந்தால் நிறுத்திவிடாமல், நேரத்தைச் சற்றுக் குறைத்து இரண்டு மூன்று நாள் அதே அளவில் நடந்துவிட்டு மீண்டும் கூட்டுங்கள்.