அப்பாவின் வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கினோம்

ஓய்வுக்குப் பிறகு அப்பாவுக்கு வருமானம் என்றால் டெபாசிட் வட்டிதான். 2024-25 நிதியாண்டில் அது சுமார் 1,80,000 ரூபாய். அந்த ஆண்டில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆனாலும் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடித்திருந்தது. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி 50,000-ஐத் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி (2025 ஏப்ரலிலிருந்து வரம்பு 1 லட்சம்).

அதைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்கை, அதாவது ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றேன். "அதான் வரி கட்டியாச்சே, ரிட்டர்ன் எதுக்கு?" என்றார் அப்பா. வட்டியில் ஒரு பகுதி டெபாசிட் முதிர்வில்தான் கைக்கு வரும் என்பதால் கோபம் வேறு. கணக்கில் வட்டி சேரும்போதே டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். அது முன்பணம் மாதிரிதான், உண்மையில் எவ்வளவு வரி என்பது ரிட்டர்னில்தான் முடிவாகும். கடையில் கட்டும் ஜிஎஸ்டி போனது போனதுதான், நம் வருமானத்தை அது பார்ப்பதில்லை. வருமான வரி பார்க்கும், ஆனால் நாமாகக் கேட்டால்தான் திருப்பித் தரும்.

ஜூன் பாதி வரை காத்திருந்தோம். கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் கணக்கை வங்கிகள் மே 31 வரை தாக்கல் செய்யலாம், அதற்கு முன் 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) பார்த்தால் தொகை குறைவாகவே தெரியும். வரித் துறை நம் வருமான விவரங்களைத் தொகுத்துத் தரும் ஏஐஎஸ்-ஸில் சேமிப்புக் கணக்கு வட்டியும் இருந்தது. அதற்கு டிடிஎஸ் இல்லை என்றாலும் வருமானத்தில் காட்டத்தான் வேண்டும். ரிட்டர்னுக்கான ஐடிஆர்-1 படிவத்தில் பாதி விவரம் முன்பே நிரப்பப்பட்டிருந்தது, வங்கி தந்த வட்டிச் சான்றிதழோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

உண்மையான இழுபறி பெயரில்தான். பான் அட்டையில் இனிஷியலுக்கு இடமில்லை, தாத்தாவின் பெயர் முழுதாக நிற்கிறது. பாஸ்புக்கிலோ ஒற்றை எழுத்து. ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கை வருமான வரி போர்ட்டலில் சரிபார்க்கக் கொடுத்தால் பெயர் பொருந்தவில்லை என்றது. நம் ஊர்ப் பெயர்களை நினைத்து யாரும் அந்தப் போர்ட்டலைக் கட்டவில்லை! பான் நகலோடு வங்கியில் கடிதம் கொடுத்து, பெயரை மாற்றிய பிறகே பச்சை டிக் விழுந்தது.

தாக்கல் செய்ததும் ஆதார் ஓடிபி போட்டு உறுதிசெய்தோம். 30 நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்த தேதி செல்லாது, உறுதிசெய்த தேதிதான் கணக்கு. அது கடைசி நாளைத் தாண்டினால் தாமதக் கணக்கில் போய்விடும்.

ரீஃபண்ட் மாதம் அரை சதவீத வட்டியோடு வந்தது. அந்த வட்டியும் அடுத்த ஆண்டு வருமானம் என்றதும் அப்பா சிரித்துவிட்டார்.

கையோடு வங்கியில் 15எச் படிவமும் (வரி வராது, டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழி) கொடுத்தோம். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரலிலேயே கொடுப்பது நல்லது. நாங்கள் கொடுப்பதற்குள் பிடித்துவிட்ட தொகைக்கு அடுத்த ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.