முள்ளம்பன்றி திரும்பிப் பார்க்காத படம்

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். போன வருடம் ஒரே வாரத்தில் ஏழு தென்னங்கன்று சாய்ந்தது. எல்லாமே அடித்தண்டைக் குடைந்து, உள்ளே இருக்கும் குருத்தைத் தின்றுவிட்டுப் போட்டவை. முள்ளம்பன்றி வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. சுருக்குக் கம்பி வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. சுருக்கில் மரநாயும் மாட்டும், முயலும் மாட்டும். முதலில் அது எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம் என்று, விலங்கு எதிரே வந்தால் தானாகவே படம் எடுக்கும் தானியங்கிக் கேமரா ஒன்று வாங்கினேன்.

வாங்கியது 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வீசும் அகச்சிவப்பு விளக்கு உள்ளது. இருட்டில் படம் எடுக்கும்போது அந்த விளக்குகள் கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்து தெரியும். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்து வேம்பில், இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து கார்டைப் போட்டுப் பார்த்தால், மரநாய் ஒன்று ஒரு காலைத் தூக்கியபடி கேமராவையே வெறித்து நிற்கிறது. அடுத்த படத்தில் வால் நுனி மட்டும். அதற்கப்புறம் அந்த வழியில் அது வரவே இல்லை. முள்ளம்பன்றி ஒரே ஒரு முறை வந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தன் வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு உயிரை நான்தான் மிரட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடித் துண்டு, இருட்டியதும் லென்ஸுக்குப் பின்னாலிருந்து நகரும் சத்தம் அது. நமக்கே கேட்கிறதென்றால் முள்ளம்பன்றிக்குக் கேட்காதா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014லேயே பல மாடல்களைச் சோதித்து, இந்தக் கேமராக்களை விலங்குகளால் பார்க்கவும் கேட்கவும் முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேமரா 940 நானோமீட்டர். நம் கண்ணுக்கு ஒளியே தெரியாது. ஆனால் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது, படமும் புள்ளி புள்ளியாக இருக்கும். எனக்கு அது போதும். தடத்திலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தேன். அதைவிட நெருங்கினால் படத்தில் விலங்கின் உடம்பு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்துவிடுகிறது.

எங்கே கட்டுவது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். வேலியோரமாக நடந்துகொண்டே வந்தவர் ஒரு இடத்தில் குனிந்தார். முள்வேலிக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். “தடம் மாத்தாது தம்பி. நீங்க இங்கன வந்து வந்து நின்னாத்தான் மாத்தும்” என்றார். நான் கேமராவைப் பற்றிப் படித்த எல்லாவற்றையும்விட இந்த ஒரு வார்த்தை உதவியது.

அதற்கப்புறம் உச்சி வெயிலில் மட்டும்தான் அங்கே போனேன், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. என் வாசம் அங்கே தங்கக் கூடாதென்று, தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் போகமாட்டேன். புது நைலான் பட்டையை ஊறவைத்து அலசி, ஒரு வாரம் வெயிலில் போட்டு, அந்த இடத்து மண்ணையே தேய்த்துக் கட்டினேன். உயரம் முழங்காலுக்குக் கீழே. தடத்துக்கு நேர் எதிரே வைக்காமல் சாய்வாக வைத்தேன். நேராக வைத்தால் வரும் விலங்கு கேமராவை முகத்துக்கு முகம் பார்த்துவிடும். சாய்வாக வைத்தால் கடந்து போகும். இரை வைக்கலாமே என்று கேட்டார்கள். கிழங்கை வைத்து வரவழைத்தால் அது வழக்கமாக எந்த வழியில் வருகிறது என்று எப்படித் தெரியும்? வைக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் நாள்கணக்கில் புரியவில்லை. சித்திரை மாத முன்னிரவில், மண்ணில் கால்தடம் இருக்கிறது, படம் இல்லை. இந்தக் கேமராவின் சென்சார் சுற்றுப்புறத்தின் சூட்டுக்கும் நகரும் உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் விழிக்கிறது. நான் வைத்திருந்த இடத்துக்கு எதிரே ஒரு பாறை. பகல் வெயிலை வாங்கிக்கொண்டு இரவிலும் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டடி நகர்த்தி, புதரைப் பின்னணியாக வைத்ததும் படம் விழ ஆரம்பித்தது. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளைக் கோடுதான், ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கள் பட்டா நிலத்துக்குள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. கேமராவுக்காக அங்கே நுழைவதும் தப்பு.

ஆடி மாதம் எடுத்த கார்டில் இருந்தது அந்தக் காணொளி. இரவு 2.40. வேலிக்கு அடியில் பெரியது நுழைகிறது. பின்னாலேயே குட்டி ஒன்று, முள் இன்னும் குட்டையாக, அம்மாவின் வாலை ஒட்டிக்கொண்டு. முள் படிந்தே கிடக்கிறது. பெரியது நின்று மண்ணை மோந்து பார்க்கிறது, குட்டி இடித்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் இரண்டும் கிளம்புகின்றன. பதினெட்டு விநாடி. ஒரு முறைகூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை.

வழி தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்த கன்றுகளைச் சுற்றி, ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, கம்பி வலை அடித்தேன். வேலிக்கு அடியில் தேய்ந்த அந்த இடத்தை அடைக்கவில்லை.