பூக்காலத்தில் ஊரடங்கு: நிலக்கோட்டை நாட்குறிப்பு

மார்ச் 28, 2020, சனி

விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஈரத்துணி போர்த்திய பூப்பைகள் எங்கள் ஊருக்கு வந்து இறங்கும். கமிஷன் கடைகளில் விலை சொல்லும் குரல் எங்கள் தெரு வரை கேட்கும். கொரோனா ஊரடங்கு தொடங்கிய 25ஆம் தேதியிலிருந்து அந்தக் குரல் இல்லை. கோயில்களை அடைத்தாயிற்று, மண்டபங்களைப் பூட்டியாயிற்று, பஸ்ஸும் ஓடவில்லை. பூ யாருக்குப் போகும்?

இது மல்லிகை பூக்கத் தொடங்கும் காலம். கவாத்து செய்து, உரம் வைத்து, பனி முடியும்வரை காத்திருந்தவர்கள் பங்குனியில்தான் கொஞ்சம் காசு பார்ப்பார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பித்தான் கடனே வாங்குகிறார்கள். விவசாய வேலைக்குத் தடையில்லை என்று மத்திய அரசு நேற்று அறிவித்திருக்கிறது. அதனால் பூவைப் பறிக்கலாம். விற்கத்தான் வழியில்லை.

ஏப்ரல் 1, புதன்

சித்தப்பா தோட்டத்திலிருந்து பேசினார். பறித்து வரப்பில் கொட்டுகிறார்களாம். ஏன் பறிக்க வேண்டும், செடியிலேயே விட்டுவிடலாமே என்று என் மகன் கேட்டான். மொட்டை விட்டால் இரவில் விரிந்து மறுநாள் வாடி அங்கேயே தொங்கும், அடுத்த அரும்பு சரியாக வராது, புழுவும் சேரும் என்று பொறுமையாகச் சொன்னார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பறிக்கும் பெண்களைக் கூப்பிட அவரிடம் பணம் இல்லை. சித்தியும் மருமகளும் டார்ச் வெளிச்சத்தில் இறங்கிப் பறிக்கிறார்கள். விலை இறங்கினால் வாங்கிக்கொள்ளும் சென்ட் தொழிற்சாலைக்காரர்களும் இப்போது வருவதில்லை.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வட்டாரத்துப் பூவுக்கும் அந்தப் பெயர் உண்டு. அந்தப் பூ வரப்பில் குவிந்து கிடப்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்பும் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. அவருடைய குடும்ப அட்டை மாமியார் ஊரில் இருக்கிறது, அந்த ஊருக்குப் போகப் பஸ் இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து வாழைநாரில் பூக்கட்டி முழம் போட்டு விற்பவர் அவர். அன்றன்று விற்றதில்தான் அன்றைய உலை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் நலவாரியம் மூலம் தனியாக ஆயிரம் ரூபாய் அறிவித்திருக்கிறார்கள், நல்ல காரியம். எங்கள் தெருவில் பூக்கட்டும் பெண்கள் ஒருவரும் எந்த வாரியத்திலும் பெயர் பதிந்தவர்கள் இல்லை. பதிய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை.

எங்கள் அரிசியில் பாதியை அளந்து கொடுத்தேன். "கடனாகத்தான் வாங்கிக்கொள்வேன், டீச்சர்" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

பிரதமர் கேட்டுக்கொண்டபடி நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஊரே விளக்கணைத்து அகல் ஏற்றியது. கடைகள் இனி மதியம் ஒரு மணி வரைதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சார்வரி வருடப் பிறப்பு. மாநில அரசு ஊரடங்கை 30ஆம் தேதி வரை நேற்றே நீட்டித்தது. இன்று காலை பிரதமர் மே 3 வரை என்று சொல்லிவிட்டார்.

தெருமுனை வேம்பு முழுக்கப் பூ. அதன் அடியில் துணி விரித்து உதிர்ந்ததைச் சேர்த்துப் பச்சடி வைத்தேன். சித்தப்பா ஒரு பை நிறைய மல்லிகை கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கட்டினார். அந்த விரல்களின் வேகத்தை அருகிலிருந்து இன்றுதான் முழுதாகப் பார்த்தேன்: நான்கு மொட்டை எதிரெதிராக வைத்து ஒரு சுற்று, ஒரு முடிச்சு, கண் பூவின் மேலேயே இல்லை. அன்றாடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய முழம் இதுதான். இனி நான் பேரம் பேசமாட்டேன்.

காசு வேண்டாம் என்றவரிடம், வீட்டுக்கு வீடு கிடைத்த பருப்பும் எண்ணெயும் ஒரு கூடையில் சேர்ந்தன.

ஏப்ரல் 25, சனி

ரம்ஜான் நோன்பு தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றவில்லை, அரிசியை வீடுகளுக்கே பிரித்துக் கொடுக்கிறார்கள். எதிர்வீட்டு பாத்திமா பாட்டி தன் அடுப்பில் காய்ச்சி எங்களுக்கும் ஒரு தூக்கு அனுப்பினார்.

நாளையிலிருந்து மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு. அத்தையின் சர்க்கரை மாத்திரை அங்கிருந்துதான் வரும். இன்று அலைந்து வாங்கிவிட்டோம்.

மே 4, திங்கள்

மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் சில பட்டர்கள் மட்டும் நின்று நடத்தினார்கள், நாங்கள் வீட்டில் திரையில் பார்த்தோம். மாங்கல்யம் ஏறும் நேரத்தில் அத்தையும் நானும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அழகர் இந்த ஆண்டு வைகையில் இறங்கமாட்டார். அத்தைக்கு அழுகை அடங்கவில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த அழகரை இன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டேன்.

மே 10, ஞாயிறு

நாளை முதல் டீக்கடைகள் திறக்கலாம், பார்சல் மட்டும். மகனின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான், அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

கீழத்தெருவில் புதன்கிழமை ஒரு கல்யாணம். வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர்கள் சிலரை மட்டும் வைத்து. இரண்டு மாலைக்கும் பத்து முழம் சரத்துக்கும் அக்காவிடம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். பூவைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார் சித்தப்பா. விலை போட்டுத்தான் எடுப்பேன் என்று அக்கா நின்றார். கடைசியில் ஒரு விலைக்கு வந்தார்கள். கொஞ்சம்தான் என்றாலும், ஊரடங்கு தொடங்கியபின் அந்தத் தோட்டத்துப் பூவுக்கு வந்த முதல் காசு அது. மல்லிகையைப் பிடுங்கிவிட்டு வேறு வெள்ளாமை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, இன்று தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார். மாலைக்குச் சம்பங்கி வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று சாயங்காலத்திலிருந்து போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.