14ஆம் எண் மரம்

காலையில் நடக்கப் போனபோதுதான் பார்த்தேன். எங்கள் பூங்காவில் 17 மரங்களில் சிவப்பு பெயின்ட்டில் எண் போட்டிருந்தார்கள். 14 என்று எழுதியிருந்த தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் ஒரு புள்ளி ஆந்தை ஜோடி குடியிருக்கிறது. கிட்டே போனால் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும். அந்த இடத்தில் உணவுக்கடைகளும் வண்டி நிறுத்தமும் வரப்போகிறதாம். கிண்டி தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் வேலியாக நிற்கும். புறநகரில் ஒன்றரை ஏக்கர் பூங்காவுக்கு யார் நிற்பார்கள்?

மனு எழுதினேன். ஆந்தை, அணில், கீரி, குட்டையோரம் வரும் வக்கா என்று இரண்டு பக்கம். 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி பதில் வந்தது.

எதிர்வீட்டில் இருப்பவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனுவைப் படித்துவிட்டு, "கவிதை நல்லா இருக்கு சார். இனிமே காகிதத்தைக் கேளுங்க" என்றார். அவர் சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒப்புகை அட்டையோடு தபால். 'ஏன் வெட்டுகிறீர்கள்?' என்று எழுதியிருந்ததை அவரே அடித்துவிட்டார். காரணம் கேட்டால் 'அது தகவல் அல்ல' என்று தட்டிக்கழிக்க இடமுண்டு. இருக்கிற ஆவணத்தின் நகலைத்தான் கேட்க வேண்டுமாம். கேட்டது மூன்று: வேலை உத்தரவு, மனைப்பிரிவு போட்டபோது இந்த இடத்தை ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதாவது பொதுத் திறந்தவெளியாக, எழுதிக்கொடுத்த தானப் பத்திரம், மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழு கொடுத்த அனுமதி.

30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம்தான் உறை வந்தது. தானப் பத்திரத்தில் 'பூங்கா' என்றே இருந்தது. மூன்றாவதற்குப் பதில்: 'அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை.' அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தேன். பசுமைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த வாரமே வேலை நின்றது.

கடைகள் வரவில்லை, சரி. ஆனால் உயர்கோபுர விளக்கு வந்துவிட்டது. விளக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை, என் தப்புதான். ஆந்தைகள் இப்போது இருட்டு மூலையில் 9ஆம் எண் மரத்தில் இருக்கின்றன. விளக்குக்கான உத்தரவின் நகல் கேட்டு நேற்று இன்னொரு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டினேன்.