வெட்டின பீட்டைக் கையால் வாசிப்பது: பெரம்பூர் மாடி ரூமில் இதுவரை

ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான எலக்ட்ரானிக் டான்ஸ் டிராக்குகளில் வரும் தாறுமாறான டிரம்ஸ் முழுக்க மிஷின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் மூலம் மனுஷன் வாசித்ததுதான். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் ‘அமென், பிரதர்’ பாட்டின் நடுவில் 4 பார் (ஒரு பாருக்கு 4 பீட்) தனியாக அடித்தார், ஏறக்குறைய 7 செகண்ட். 90களில் இங்கிலாந்துப் பசங்கள் அதைச் சாம்ப்ளரில் (ஒலியைப் பதிந்து வெட்டி வாசிக்கும் மிஷின்) ஏற்றி, துண்டு போட்டு, 160, 170 பிபிஎம்முக்கு (நிமிடத்துக்கு அத்தனை பீட்) விரட்டினார்கள். பிறகு நியூயார்க்கில் ஜோஜோ மேயர் போன்ற டிரம்மர்கள் அந்தத் துண்டுகளைத் திரும்பவும் கையாலேயே வாசித்தார்கள். நான் பிடித்திருப்பது இந்தக் கடைசி வழி.

170இல் ஒரு பதினாறாம் நோட்டுக்கு (ஒரு பீட்டில் கால் பங்கு) 88 மில்லிசெகண்ட்தான். முழுக்கை வீசினால் கதை முடிந்தது. கோஸ்ட் நோட்டுக்கு (கேட்டும் கேட்காமலும் மெல்லத் தொடும் அடி) குச்சி தோலை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பக் கூடாது. கோல்மன் மூன்றாவது பாரில் கடைசி ஸ்நேர் (‘டப்’ என்று கேட்கும் சின்ன டிரம்) அடியை அரை பீட் தள்ளிப் போடுவார். வேகமே இல்லாமல் அதை மட்டும் ஊறவைத்தேன். ஸ்நேரை நன்றாக முறுக்கி, மேலே துண்டுத் துணி. விரிசல் விட்ட இரண்டு சிம்பலை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தால் சாம்ப்ளரில் நறுக்கியது போலவே “ட்ஸ்” என்று அறுந்து நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் இவ்வளவு உதவவில்லை.

எங்கள் குழுவில் ஜாஸ் உள்ளே வருவது சோலோவில், ஒருத்தர் மனம்போல வாசிக்கும் இடத்தில். பின்னணியை ஏபிள்டன் என்ற மியூசிக் சாஃப்ட்வேரில் ஒரே நீள டிராக்காக ஓட விட்டால், பேஸ் கிட்டார் அண்ணன் சூடு பிடிக்கும் நேரத்தில் அது அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். இப்போது எல்லாம் தனித்தனி கிளிப், அதாவது சின்னச் சின்னத் துண்டு. ஃபுட் சுவிட்ச் என் காலடியில். பாரில் எங்கே மிதித்தாலும் அடுத்த பாரின் முதல் பீட்டில்தான் மாறும். அவர் தலையாட்டும் வரை அதே 2 கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சுற்றிக்கொண்டிருக்கும். பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128இல் பழைய லேப்டாப் கரகரக்கிறது, 512இல் எலக்ட்ரானிக் டிரம் பேட் 12 மில்லிசெகண்ட் பிந்துகிறது, 256 போதும்.

கிளிக் (பீட்டை எண்ணித் தரும் டிக் டிக் சத்தம்) என் காதில் மட்டும் இருந்தபோது அண்ணன் சொன்னார்: “டேய், நீ அத்த கேட்டு வாசிக்கிற, நாங்க எங்கடா போறது?” நியாயம்தான். கிளிக்கை எடுத்துவிட்டு ஒரு ஷேக்கர் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் கிலுகிலுப்பைச் சத்தம்) எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம். பாட்டு மூச்சு விட ஆரம்பித்தது.

வியாசர்பாடியிலிருந்து கானாவுக்கு டோலக் வாசிக்கும் தம்பி ஒருத்தன் வந்து போகிறான். அவன் தாளம் மூன்று மூன்றாக உருளும், நான் நாலு நாலாக நறுக்குகிறேன். ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) அடித்தால் இரண்டும் முட்டிக்கொள்கிறது. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் மட்டும் வைத்து, 170ஐ 85 ஆக எண்ணினால் டோலக் அழகாக உட்காருகிறது. அடுத்து அவன் வாசிப்பையே மைக்கில் பிடித்து வெட்டப்போகிறோம். திரும்பக் கையால் வாசித்துக் காட்டுகிறேன் என்கிறான். “ஸ்பீடு மட்டும் கம்மி பண்ணுண்ணா” என்றும் சொல்லிவிட்டான்.